இரண்டு ஹாம்ஸ்டர்களோடு கோவைக்கு, எண்ணூர் வழியாக

ராயபுரத்திலிருந்து கோவைக்குப் போகிறவர்கள் யாரும் எண்ணூர் வழியாகப் போகமாட்டார்கள். எண்ணூர் நேர் வடக்கே இருக்கிறது. கோவை வேறு மூலையில். போன தை மாதம் நாங்கள் அப்படித்தான் போனோம். காரில் என் அப்பா, நான், வண்டி ஓட்டிய ரவி அண்ணன், அப்பாவின் இரண்டு ஹாம்ஸ்டர்கள். இத்தனை சின்னப் பிராணிகளை நெடுந்தூரம் காரில் கொண்டுபோவது எப்படி என்று தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நடுவில் ஊர்க்கதை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாம்ஸ்டர் எலி இனம்தான், ஆனால் வால் இருப்பதே தெரியாது, உள்ளங்கையில் அடங்கிவிடும். மாடியில் குடியிருந்த பெண் "ரெண்டே நாள் பாத்துக்கங்க அங்கிள்" என்று கூண்டைக் கொடுத்துவிட்டு ஹைதராபாத் போனவள், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். அப்பா துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூனைக்குட்டி அளவு எலிகளையெல்லாம் பொறி வைத்துப் பிடித்த கை. "என் கைல போய் எலியைக் குட்த்துட்டுப் போய்க்கீது பாரு" என்று ஒரு வாரம் புலம்பினார். அடுத்த வாரம் பேர் வைத்துவிட்டார். ஒன்று குண்டு, இன்னொன்று சிட்டு.

அம்மா இறந்த நாளிலிருந்து அப்பாவை என்னோடு கோவையில் வந்து இருக்கச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அசையவில்லை. கட்டடத்தை இடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார், அதுவும் நிபந்தனையோடு. "இதுங்களும் வரும். வழில இதுங்களுக்கு எதுனா ஆச்சின்னா வண்டியத் திருப்பிடணும். காசிமேட்ல தோஸ்து வூட்டு மாடில ஒரு ரூம் சும்மாதான் கீது. அப்புறம் என்னியக் கூப்டாத." அப்பா சொன்னால் சொன்னதுதான். ஆக, அவர் என்னோடு இருப்பாரா மாட்டாரா என்பது அந்த இரண்டு குட்டி ஜீவன்கள் கையில் இருந்தது.

ஏற்பாடுகள் இவ்வளவுதான். காற்றுத் துளைகள் போட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை, 350 ரூபாய். பெரிய கூண்டு வேண்டாம், வண்டி குலுங்கும்போது கம்பியில் காலை மாட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டில் ஓட்டத்தில் ஒழுகி எல்லாவற்றையும் நனைத்துவிடும். வெள்ளரித் துண்டு போதும். அடியில் பரப்ப, அப்பா கிழித்து வைத்திருந்த செய்தித்தாள், அவருடைய பழைய கைலித் துண்டு ஒன்று. ரவி அண்ணன் திருவொற்றியூர்க்காரர், சொந்த வண்டி. டீசல், சுங்கம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பேசினோம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். தெருமுனை தாண்டியதும் அப்பா ஆரம்பித்தார். "ரவி, எண்ணூர் ஒரு ரவுண்டு அட்ச்சிட்டுப் போலாம்."

"நைனா, கோயம்புத்தூர் அந்தாண்ட கீது."

"அது எங்க ஓடிடப் போவுது?"

ரவி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எண்ணூர், மணலி, புழல், அங்கிருந்து பைபாஸ் என்று சுற்றினால் இருபது கிலோமீட்டருக்கு மேல் கூடும். எனக்கும் அந்தச் சாலையைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது.

காசிமேட்டில் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. சின்ன வயதில் அந்த வாடை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அம்மா என் வெள்ளைச் சட்டையை வீட்டுக்குள்தான் காயப்போடுவாள். வெளியே போட்டால் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்துவிடும். திருவொற்றியூர் தாண்டினால் கன்டெய்னர் லாரி வரிசை, ஒரு பக்கம் கடல், எண்ணூரில் முகத்துவாரத்து உப்புக்காற்று. அப்பா மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அவற்றுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். "பாத்துக்கடா குண்டு, இத்த மறுபடி பாக்க முடியாது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணலி தாண்டியபோது அப்பாவின் குரல் மாறியது. "ஸ்டெல்லா, இதுங்க அசையவே இல்லமா." மூடியைத் திறந்து பார்த்தேன். சிட்டு ஒரு மூலையில் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. குண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வெள்ளரியை ஒன்றும் தொடவில்லை. புழல் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். மணி ஏழேகால்.

டீ கொண்டுவந்த கடைக்காரர் ஜன்னலுக்குள் கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "இன்னா சார், பாச்சா உருண்டைய மூட்டையோட கொட்டி வெச்சிகீறீங்களா? கண்ணு எரியுது."

நானும் அப்பாவும் ரவி அண்ணனைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஹார்பர் எலி வயரக் கட்ச்சிடுது நைனா. போன மாசம் கூட பேஜாராப் பூட்ச்சி. அதான் சீட்டுக்கடில ஒரு கைப்புடி…"

"எலிய ஏத்திகினு போற வண்டில எலிய வெரட்ற உருண்டையாடா?" என்று அப்பா கத்தினார்.

திட்டினாரே தவிர, எங்கள் மூக்கு எங்கே போயிருந்தது? மீன், நிலக்கரி, மணலி ஆலைகளின் அழுகின முட்டை வாடை, எல்லாவற்றையும் சுவாசித்து வளர்ந்தவர்கள். எது வந்தாலும் ஊர் வாடை என்று விட்டுவிடுவோம். கோவையில் இத்தனை வருடம் இருந்தும், வீட்டைக் காலிசெய்யத் தங்கிய பதினைந்து நாளில் என் மூக்கும் பழைய மூக்காகிவிட்டது.

ரவி அண்ணன் அந்த நாப்தலீன் உருண்டைகளைப் பொறுக்கி எறிந்து, நான்கு கதவையும் திறந்து வைத்து, சீட்டையெல்லாம் துடைத்தார். அப்பா கூடையோடு ஏரிக்காற்றில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"திரும்பிடலாம்மா. தோஸ்து வூடு கிட்டதான் கீது."

அவர் திரும்பிப்போகக் காரணம் தேடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. இங்கே திரும்பினால் அவ்வளவுதான், எந்தக் காலத்திலும் வரமாட்டார். ஒரு மணி நேரம் போல மூன்று பேரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிட்டு நகர்ந்தது. பிறகு குண்டு எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, வெள்ளரியைக் கடித்தது.

அப்பா ஏரியைப் பார்த்தார், வந்த சாலையைப் பார்த்தார். "சரி, ஏறு" என்றார்.

அப்புறம் தொந்தரவில்லை. உளுந்தூர்பேட்டை, சேலம், அவினாசி வழியாக மொத்தம் 540 கிலோமீட்டர். வீடு சேரும்போது மாலை ஆறரை. ஏசி கூடை மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் நிறுத்துங்கள், நிறுத்தும்போது கூடையை வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். கிளம்புமுன் சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பாருங்கள். மோந்து பார்க்க வேறு ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பிராணி சோர்ந்தால் எங்களைப்போல் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. கோவையில் புதுக் கூண்டு வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் விட்டதும் இரண்டும் பதறிச் சுற்றின. பழைய செய்தித்தாளையும் கைலித் துண்டையும் உள்ளே போட்டதும் அதற்குள் புகுந்து தூங்கிவிட்டன. தன் வாடை இருந்தால்தான் தன் இடம் என்று நம்பும் போலிருக்கிறது.

அப்பா மட்டும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. அவருக்கென்று புது மெத்தை, புது விரிப்பு, புதுத் தலையணை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தேன். கேட்டால், "ஒண்ணுமில்லமா. இங்க காத்துல ஒண்ணுமே இல்ல" என்றார். நாலாம் நாள் மத்தியானம் கூண்டைத் துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ராயபுரத்திலிருந்து வந்த சாமான்களில் எறிவதற்காகக் கட்டி வைத்திருந்த சாக்கைப் பிரித்து, அவருடைய பழைய தலையணையை எடுத்து வந்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறி, சாம்பல் நிறமாகிப்போன உறை. அவர் அதை வாங்கி, முகத்தைப் பதித்துக்கொண்டு படுத்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை எழவில்லை.

அவர் டீ குடிக்கப் போனபோது நானும் அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கரித்தூள், கடல், எங்கள் வீடு. அப்படியே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் யாரைக் கூட்டிப் போனாலும் சரி, எல்லாவற்றையும் துவைத்துவிடாதீர்கள்.