ஜாபெஸின் ஓக் மரம்

கென்டக்கிக் காடுகளில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்து நடந்தே ஒபதியா ஸ்ட்ரவுட்டின் வாலிபம் தீர்ந்தது. மிச்சம் பிடித்த காசை நண்பன் ஜாபெஸ் கிரவுடரின் காசோடு சேர்த்து ஒரு மலைச்சரிவை வாங்கினான். தொப்பிக்குள் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். ஊற்று இருந்த மேல்பாதி ஜாபெஸுக்கு விழுந்தது.

ஆறே வருஷத்தில் ஜாபெஸ் அதில் ஒரு துண்டை மாவு மில்லுக்கு விற்றான். போட்டதுபோல் நாலு மடங்கு. வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தான். அன்றிலிருந்து ஒபதியாவுக்குச் சோளரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

"அவங்க ஜன்னல் வச்சா நமக்கென்ன? சாப்பிடுங்க," என்றாள் மனைவி தபீத்தாள்.

"நானும்தான்டி தொப்பிக்குள்ள கைய விட்டேன்."

அந்த இலையுதிர்காலத்தில் வர்ஜீனியாப் பணக்காரர் ஒருவர் அதே மலை தன்னுடையது என்று ஒரு பத்திரத்தோடு வந்தார். ஜாபெஸின் பத்திரம்தான் முந்தியது. ஆனால் அதில் எல்லை 'இரண்டு கோடரி வெட்டு உள்ள ஓக் மரத்தில்' தொடங்கியது. எந்த மரம் என்பதை, வாங்கிய அன்று சங்கிலி பிடித்து அளந்த ஒபதியாதான் கோர்ட் அனுப்பிய சர்வேயர் முன்னால் சத்தியம் செய்து காட்ட வேண்டும்.

"மரத்தைக் காட்டிட்டு வாடா. சாயங்காலம் விஸ்கி என்னோடது," என்று தோளில் தட்டினான் ஜாபெஸ்.

"எல்லாமே உன்னோடதுதானே!"

ஜாபெஸ் சிரித்தான்.

வேதப்புத்தகத்தில் கை வைத்த ஒபதியா, தெரிந்த மரத்தைத் தாண்டிக் கிழக்கே, ஆற்றுப் பக்கமாக இருநூறு அடி நடந்தான். வேட்டைக்காரர்கள் எப்போதோ வெட்டிய தழும்போடு நின்ற ஓக்கைத் தொட்டு, "இதுதான்," என்றான்.

"டேய், என்னடா சொல்ற?" என்று ஓடி வந்தான் ஜாபெஸ்.

சர்வேயர் புதுக்கோடு போட்டார். ஊற்றும் ஜாபெஸின் வீடும் கோட்டுக்கு வெளியே போயின. ஒபதியாவின் நெஞ்சு குளிர்ந்தது.

சர்வேயர் அடுத்த தாளைப் புரட்டினார். "ஸ்ட்ரவுட் நிலம். கிரவுடரோட தெற்கு மூலையில ஆரம்பிச்சு..." நிமிர்ந்து பார்த்தார். "உன்னுதும் கூடவே கிழக்கே நகருதுப்பா. பாதி ஆத்துக்குள்ள போகுது. உன் வீடும் சோளக்காடும் வர்ஜீனியாக்காரருக்கு."

ஊரார் மூலைகளையெல்லாம் அளந்தவனுக்குத் தன் மூலை எங்கே தொடங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இல்லீங்க, மேற்கால இருக்கிற மரம்தான்..." என்றான் ஒபதியா.

"ஒரே காலையில ரெண்டு சத்தியமா?" என்றார் பணக்காரரின் வக்கீல். ஒபதியா மாற்றிச் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுவாரம் இரு வீடும் காலியாயின. ஜாபெஸின் வண்டி, ஒபதியாவும் தபீத்தாளும் போன ஒற்றைக் குதிரை வண்டியைக் கடந்து போயிற்று. திட்டுவான் என்று ஒபதியா காத்திருந்தான். ஜாபெஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவனுக்கு மட்டும் ரெண்டு குதிரை, பாத்தியா?" என்றான் ஒபதியா.

தபீத்தாள் வண்டியிலிருந்து இறங்கித் தனியாக நடக்கத் தொடங்கினாள்.