அக்காவின் காலும் ஒரு வசன அட்டையும்

புத்தாண்டு காலை ஆராதனையில் அக்கா எடுத்த அட்டையைப் பார்த்ததும், யாரோ வேண்டுமென்றே அதைக் கூடையின் மேலாக வைத்திருப்பார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அக்கா போகும் சபை ஈப்போவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. வருடத்தின் முதல் நாள் அங்கே ஒரு பிரம்புக் கூடையை வரிசை வரிசையாகக் கொண்டு வருவார்கள். கூடை நிறைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் பைபிளிலிருந்து ஒரே ஒரு வசனம் அச்சடித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்தது எதுவோ, அதுதான் அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம். அதை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள். அப்பா காலத்தில் எங்கள் தோட்டத்துச் சபையிலும் இந்தப் பழக்கம் இருந்தது.

அக்காவுக்கு வந்தது, காலில் கல் படாமல் தூதர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று சொல்லும் வசனம். படித்ததும் அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் தோளைத் தொட்டு அல்லேலூயா சொன்னார்கள். அவளுடைய வலது காலில் இரண்டு மாதமாகப் புண் இருந்தது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வரும் புண். செருப்பு வார் கடித்ததில் தொடங்கி இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. விரல்களை எடுத்தாக வேண்டும், விட்டால் மேலே ஏறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஜனவரி மூன்றாம் வாரத்தில் நாள் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையை ஒட்டிய கையோடு சொன்னாள்: "தம்பி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வரலனு சொல்லிரு."

"ஏன்?"

"அங்க ஒட்டியிருக்குல்ல, படி."

நான் போன் போடவில்லை. போட்டுவிட்டதாகவும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். செம்பனைக் குலை வெட்டியிருக்கிறேன், லாரியில் உதவியாளாகப் போயிருக்கிறேன், ஹுத்தான் மெலிந்தாங் துறையில் மீன் பெட்டி தூக்கியிருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தங்கியது அபூர்வம். அத்தான் இறந்த பிறகு அக்கா கூப்பிட்டதால் அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, பக்கத்துக் குடியிருப்பில் பகல் ஜாகா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறப்பது, மூடுவது, கார் எண்ணை எழுதுவது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். ஆனால் வீட்டில் யாரும் பைபிளைப் படித்ததில்லை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. பைபிள் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியின் மேல் இருக்கும். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் இறக்கித் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். காய்ச்சல் போனதும் மேலே ஏறிவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் இருந்து நாங்கள் ஒரு தடவை பட்டிருக்கிறோம். தோட்டம் கைமாறியபோது தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளோடு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டினார், எல்லோருக்கும் வேறு வீடு கிடைக்கும் என்று. அப்பா பெருவிரல் ரேகை வைத்தார். அந்த ஒரு வரி தாளில் உண்மையாகவே இருந்தது. மற்ற வரிகளில் இருந்த நிபந்தனைகளால்தான் எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. அதிலிருந்து யாராவது ஒரே ஒரு வரியை எடுத்து நீட்டினால் எனக்குப் பிடரி குறுகுறுக்கும்.

அப்பாவின் பைபிளை ஜாகா கொட்டகைக்கு எடுத்துப்போனேன். பூச்சி அரித்த தாள்கள். அட்டையில் வசனத்தின் எண் இருந்தது, சங்கீதம் தொண்ணூற்றொன்று. விரல் வைத்துத்தான் படிப்பேன், மெதுவாக. அந்த அதிகாரத்தில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எங்கும் இல்லை. ஆனால் வசனத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், இன்னோர் இடத்தின் பெயர் போட்டிருந்தது. மத்தேயு நான்கு. அதைத் தேடிப் பிடிக்க அரைமணி நேரம் ஆனது. இதற்கு நடுவில் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன.

அங்கே இயேசுவைப் பிசாசு ஆலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறான். கீழே குதி என்கிறான். குதித்தால் ஒன்றும் ஆகாது என்று காட்ட ஒரு வசனம் சொல்கிறான். அக்காவின் அட்டையில் இருந்த அதே வசனம். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்.

கார் எண் எழுதும் தாளில் ஓரத்தைக் கிழித்து அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்தேன். எனக்கு வந்தது சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை.

அன்று வேலை முடிந்ததும் பாஸ்டரைப் பார்க்கப் போனேன். என்னைவிட இளையவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், அக்காவ ஆஸ்பத்திரிக்குப் போவாதனு சொன்னீங்களா?"

"நான் எப்பண்ணே சொன்னேன்? வாக்குத்தத்தத்தப் பிடிச்சிக்குங்கனுதான் சொன்னேன்."

"போங்கனு சொன்னீங்களா?"

அவர் குழாயை மூடினார். "அக்கா அவ்ளோ சந்தோசமா இருந்தாங்க. அதக் கெடுக்க மனசு வரலண்ணே."

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மத்தேயுவைக் காட்டினேன். அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. "அந்த அட்டைங்க கடையில கட்டுக்கட்டா வாங்குறதுண்ணே. யாரு கையில எது போவும்னு நமக்கு என்ன தெரியும்?" என்றார். அதை நம்பலாமா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுக்குள்ளிருந்து வாடை வந்தது. பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"இத யாரு சொல்றா பாரு, அக்கா."

படித்தாள். முகம் சிவந்தது. "அப்ப என் வாக்குத்தத்தத்தப் பிசாசு குடுத்துச்சுங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. அந்த வசனத்த வச்சிக் குதிக்கச் சொன்னது யாருனு பாருங்கிறேன்."

"ஒரு எடத்துல ஒழுங்கா குந்தியிருந்ததில்ல. நீ எனக்கு வேதம் சொல்ல வந்துட்ட." பைபிளைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு நாட்கள் அது அவள் மடியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும், "வா, குந்து" என்றாள். இரண்டாம் நாளாகமம், பதினாறாம் அதிகாரம். ஆசா என்று ஒரு ராஜா. அவனுக்குக் காலில்தான் நோய். ஆண்டவரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று எழுதியிருந்தது. அடுத்த வசனத்தில் செத்துப்போகிறான்.

"இப்ப என்னா சொல்ற?"

"இத யாரு காட்டிக் குடுத்தா?"

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? கால், கால்னு தேடிக்கிட்டே போனேன்."

அன்றுதான் என்மேலேயே சந்தேகம் வந்தது. நானும் எனக்குத் தோதான ஓர் இடத்தைத் தேடி எடுத்து நீட்டியவன்தானே? கூடைக்குள் கையை விட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவள் ஒரு அட்டை காட்டினாள், நான் ஒரு அட்டை காட்டினேன். இப்போது அவள் இன்னொன்றைக் காட்டுகிறாள்.

"அக்கா, இதுக்கு மேல இருக்கிறதப் படிச்சியா?"

"எதுக்கு? கால் அங்கதான வருது."

"மேலருந்து படிப்போம். கிராணி அப்பா கையில குடுத்த தாள யாராவது மேலருந்து படிச்சிருந்தா..."

அவள் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். நான் ஒரு வசனம், அவள் ஒரு வசனம். ஆசாவின் கதையை முதலிலிருந்து படித்தோம். நெடுநாள் நல்லவனாக இருந்தவன். கடைசிக் காலத்தில் அவன் செய்த தப்பை ஒரு தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகச் சொல்கிறான். ராஜா கோபப்பட்டு அவனைச் சிறையில் போடுகிறான். கால் நோய் அதற்கும் பிறகு. வைத்தியரிடம் போனதால்தான் செத்தான் என்று எங்கும் இல்லை. ஆண்டவரை விட்டுவிட்டான் என்றுதான் இருந்தது.

அக்கா வைத்தியர்களைத் தேடிய வரியைத் தனியாக மூன்று தடவை படித்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப சிறையில போட்டாங்களே, அந்தத் தீர்க்கதரிசி நீதானாக்கும்?"

"நான் ஜாகாதான்லா."

அவள் சிரித்தாள். அந்த அட்டை வந்த நாளிலிருந்து முதல் தடவை. சிரித்து முடித்து, கட்டுப் போட்ட காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரையும் தேடுனா தப்புனு எங்கயும் இல்லல?" என்று கேட்டாள்.

"நாம படிச்ச வரைக்கும் இல்ல."

"படிச்ச வரைக்கும்" என்று திரும்பச் சொன்னாள். சமாதானம் ஆனவள் குரல் இல்லை அது. ஆனால் மறுநாள் துணிப்பையை எடுத்துத் தயார் பண்ணினாள்.

குறித்த நாளில் ஆஸ்பத்திரியில் மிசி, அதாவது நர்ஸ், ஆப்பரேஷனுக்கான சம்மதப் பாரத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். பாரம் முழுக்க மலாய். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, மேலருந்து படி."

"அக்கா, எல்லாரும் சைன் வச்சிட்டுப் போறாங்க. பின்னால ஆள் இருக்கு," என்றாள் மிசி. தமிழ்ப் பெண்.

"இருக்கட்டும்மா. மேலருந்து கேட்டுட்டு வைக்கிறேன்."

எனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். புரியாத இரண்டு சொற்களை மிசியிடம் கேட்டோம். அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிக்கச் சொன்னாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தன் கையாலேயே பெயரை எழுதினாள்.

இரண்டு விரல்கள் போயின. கால் தங்கியது. புண் ஆறி அவள் சபைக்குப் போன முதல் ஞாயிறு, வாக்குத்தத்தம் நிறைவேறியது என்று பாஸ்டர் மைக்கில் சாட்சி சொன்னார். எனக்கு எரிந்தது. படியிறங்கும்போது அக்காவிடம் சொன்னேன்.

"இருந்துட்டுப் போவட்டும்டா. தூதருங்க தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு வெரல் மட்டும் நழுவிருச்சுனு நெனச்சுக்க."

இந்த வருடம் மறுபடி கூடை வந்தது. அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். கூடையைப் பிடித்திருந்த பெண், "என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பொறு, மேலருந்து படிச்சிட்டுச் சொல்றேன்," என்று அக்கா அப்பாவின் பைபிளை மடியில் விரித்து அதிகாரத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். பின்வரிசையில் யாரோ பொறுமையில்லாமல் உச்சுக்கொட்டினார்கள்.

அந்தப் பெண் கூடையை என் பக்கம் நீட்டினாள். நான் கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான்.

"எனக்கு வேணாம்மா. நான் முதல் பக்கத்துலருந்து படிச்சிட்டு வரேன், எண்ணாகமத்துல பாதியில நிக்கிறேன்," என்றேன்.