ஹெல்மெட் போட்டு வளர்த்த நாய்

என் மனைவியின் கழுத்தில் ஏழு தையல் போட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த வாரம், நல்ல வெயில் நேரம். பாலும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு திரும்பியவளை எங்கள் தெருமுனையிலேயே பைக்கில் வந்த இரண்டு பேர் மடக்கினார்கள். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. பைக் அவளைப் பத்தடி தூரம் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. சங்கிலி அறுந்து பாதி அவனோடு போய்விட்டது. மீதியும் தாலியும் இவள் கைக்குள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்த நான் ஓடி வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். மூடிய கையை நர்ஸ் திறக்கச் சொன்னபோது திறக்க மாட்டேன் என்றாள்.

அந்த இரண்டு பேர் என் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. போலீஸ்காரர் அவளிடம், "மூஞ்சியப் பாத்தியாமா?" என்று கேட்டார். ஹெல்மெட்டுக்குள் என்ன மூஞ்சி தெரியும்? அவரையும் ஒரு அறை விட்டிருப்பேன்.

எங்கள் வீடு வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகிற சாலையில், மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் பாதி வீடுகள் தூணோடு நின்றுபோனவை. நான் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க மனைவி தனியாக. பைக் சத்தம் கேட்டால் துவைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். கேஸ் கொண்டுவந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றதற்கு மயங்கி விழுந்தாள். சொந்த வீட்டு வாசலுக்கு வராமல் ஒருத்தி எத்தனை நாள் குடித்தனம் நடத்துவாள்? "ஒரு நாய் கொண்டாங்க" என்று அவள்தான் கேட்டாள்.

எங்கள் பக்கம் காவலுக்கு நாய் வேண்டுமென்றால் தோல் பதனிடுகிற டேனரிக்குத்தான் போவோம். பச்சைத் தோலின் உட்பக்கம் சீவி எறிகிற சதையைத் தின்று வளர்ந்த நாய்கள் அங்கே இருக்கும். ஆளைப் பார்த்து ஒதுங்காது, ஆள்தான் ஒதுங்க வேண்டும். எனக்குத் தெரிந்த வாட்ச்மேன் ஒருவர் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் நான்கு குட்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் தூக்கினார். மூன்று குட்டிகள் ஊரைக் கூட்டின. நான்காவது, மண் நிறத்தில் ஒரு பொட்டை, வாயைத் திறக்கவில்லை. தொங்கியபடி அவர் முகத்தையே பார்த்தது.

"இத எடு சார். கத்தாத குட்டி மனசுல வெச்சிக்கும்."

வளர்க்கிற முறையையும் அவரே சொன்னார். "வூட்டாளு யாரும் இது மேல கை வெக்கக் கூடாது. வெளியாளை உட்டு அடிக்கணும். வாரத்துல ஒரு தபா போதும். அப்பதான் வெளியாளைக் கண்டா பாயும். ஆனா அடி ஜாஸ்தியா உழணும், சும்மா தடவக் கூடாது."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். என் கீழே இருந்த ஆட்களையும் வாயால் அடித்துத்தான் வேலை வாங்கினேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். கம்பெனியில் இரண்டு பேரிடம் வந்து அடிக்க முடியுமா என்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். "நாளைக்கு அது என்னைத்தான் கடிக்கும் சார், ஊசி நீங்களா போட்டுக்குவீங்க?" என்று கேட்டான். சரி, நானே வெளியாளாகிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். வந்த கயவர்கள் ஹெல்மெட் போட்டவர்கள். அப்படியென்றால் ஹெல்மெட்டைக் கண்டால் நாய்க்கு வெறி பிடிக்க வேண்டும். இதைவிட நல்ல யோசனை யாருக்கு வரும் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறுதோறும் பின்வாசல் வழியாக நழுவி, பக்கத்தில் கட்டி முடிக்காத வீட்டுக்குள் போவேன். மழைக்கோட்டு, கையுறை, கறுப்புக் கண்ணாடி வைத்த பழைய ஹெல்மெட். எல்லாம் மாட்டிக்கொண்டு முன்கேட் வழியாக வருவேன். கையில் பெல்ட் தோலில் நானே வெட்டிப் பக்கிள் மாட்டிய வார், இரண்டு விரல் அகலம். குட்டிக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தேன். முதல் அடிக்கு அது தரையில் உருண்டது. கத்தவில்லை. கத்தாததே எனக்கு எரிச்சலாக இருந்தது, மூன்று அடியில் நிறுத்த நினைத்தவன் எட்டு வரைக்கும் போனேன். கம்பெனியில் எங்கள் சரக்கு திரும்பி வந்த வாரத்தில் எண்ணவே இல்லை. கட்டியிருந்த சங்கிலி இறுகி, அதன் வாயில் நுரையும் ரத்தமும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒளித்துவிட்டு, வீட்டுக்காரனாக பிஸ்கட்டோடு வருவேன். குட்டி தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக மூத்திரம் போகும். பிஸ்கட்டை நான் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுக்கும்.

"பாத்தியா, என்னா மரியாதை" என்று மனைவியிடம் சொன்னேன். முதல் சில வாரம் ஜன்னலில் நின்று பார்த்தவள், பிறகு அந்த நேரத்தில் மிக்ஸியைப் போட்டுவிட்டு அடுப்பங்கரையிலேயே இருந்துவிடுவாள்.

ஒன்றரை வருஷத்தில் அது என் தொடை உயரத்துக்கு வளர்ந்தது. மகள் அப்போதும் அதைக் குட்டி என்றுதான் கூப்பிட்டாள். ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது கூரியர்காரன் ஹெல்மெட்டோடு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான். இன்று இவன் செத்தான் என்று நினைத்தேன். நாய் அவன் ஷூவை முகர்ந்து பார்த்தது. ஒரு முறை குரைத்தது. மனைவி வெளியே வந்து நின்றதும் போய்ப் படுத்துக்கொண்டது. இத்தனை மாதம் பாடுபட்டதும் வீண் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் வாரின் பக்கிள் முனையால் அடித்தேன்.

"போதும்ங்க, உட்டுடுங்க" என்றாள் மனைவி.

"நீ உள்ள போ."

அடுத்த ஞாயிறு நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது, வாடிக்கையாளருக்குக் காட்ட எடுத்து வந்திருந்த சாம்பிள் ஷூ முற்றத்தில் கிழிந்து கிடந்தது. மகள் நாயை அவிழ்த்துவிட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத அடிக்காதப்பா. நான்தான் ஷூவ வெளிய வெச்சேன்" என்றாள்.

அவளை அறைந்தேன். துவைக்கிற கல்லில் போய் விழுந்தாள். உதடு கிழிந்தது. அப்போதும் என் கை நிற்கவில்லை, இரண்டாவது அடிக்கு ஓங்கினேன்.

நாய் குரைக்காமல் வந்தது. என் வலது மணிக்கட்டைக் கவ்வி உலுக்கியது. உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இடது கையால் அதன் மண்டையில் குத்தினேன், கண்ணில் குத்தினேன். விடவில்லை. சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன், அதுவும் கூடவே வந்தது. மனைவி ஓடி வந்தாள். கத்தவில்லை. "உடு" என்றாள், அவ்வளவுதான். விட்டுவிட்டது. அவள் முதலில் மகளைத் தூக்கினாள். பிறகு நாயைக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி, சுற்றிலும் ஊசி போட்டார்கள். "நாயை அடிச்சிக் கொன்னுடாதீங்க. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. அது நல்லா இருந்தா உங்களுக்கும் பயம் இல்ல" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: பதினோராவது நாள் அதை முடித்துவிடுவேன். வீடு கட்டி மிஞ்சிய கம்பியில் கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்து மோட்டார் ரூமில் சாத்தி வைத்தேன்.

கையில் கட்டோடு லீவில் இருந்த பத்து நாளும் எனக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கம்பெனியில் என் வேலையும் பார்ப்பதுதான். ஆட்டுத் தோலை விரித்து, முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சாட்டைத் தடம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். உயிரோடு இருந்தபோது அந்த ஆட்டை யாராவது அடித்திருந்தால் தோலில் எனக்குத் தெரிந்துவிடும். நாயின் இடது விலாவில் முடி முளைக்காத கோடுகள், இரண்டு விரல் அகலம், ஒன்றின்மேல் ஒன்று. என் மேசைக்கு வந்தால் ரிஜெக்ட் என்று தள்ளியிருப்பேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். பட்டப்பகலில் என் மனைவி முன்வாசலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். பின்னால் பைக்குகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் சங்கிலி எட்டுகிற தூரத்தில், அவள் காலடியில் படுத்திருந்தது. இது எத்தனை மாதமாக நடக்கிறதோ, பகலில் வீட்டில் இல்லாத எனக்குத் தெரியவில்லை. அப்படியும் என் மனம் இறங்கவில்லை. கை ராத்திரி பகலாக வலித்துக்கொண்டிருந்தது.

பதினோராவது நாள் காலை இடது கையில் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். நாய் எழுந்து நின்றது. அப்போது கேட் திறந்தது. என் மழைக்கோட்டும் என் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, கையில் என் வாரோடு ஒரு உருவம் உள்ளே வந்தது. நேராக நாயிடம் போனது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே, வார் பிடித்திருந்த கையில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள் என் மனைவி. முகமெல்லாம் வேர்வை. ஹெல்மெட்டைப் பார்த்தாலே மயங்கி விழுந்தவள் அதற்குள் தலையை விட்டிருந்தாள்.

"இதுக்கு மூஞ்சி எதுக்குங்க? மொத நாள்லர்ந்தே இதுக்குத் தெரியும், நீங்கதான்னு."

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பஸ்ஸில் எங்கள் ஊரை நெருங்கும்போதே தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். என்ன நாற்றம் என்று கேட்டால் எந்த நாற்றம் என்று கேட்போம். எங்களுக்கு மூக்கு செத்துப் பல வருஷம். கண்ணாடியை யோசித்தேன், கையுறையை யோசித்தேன், நாய்க்கு மூக்கு என்று ஒன்று இருப்பது எனக்கு ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அது என்னைத் தெரிந்தே என்னிடம் அடி வாங்கியிருக்கிறது. என்னைத் தெரிந்தே என் பிஸ்கட்டையும் தின்றிருக்கிறது. தனக்கு விழுந்த அடிக்கெல்லாம் சும்மா இருந்தது, மகள்மேல் கை வைத்த அன்றுதான் கடித்தது. வெட்கமாக இருந்தது. கம்பியைக் கீழே போட்டேன். அந்தச் சத்தத்துக்கு மனைவியும் நாயும் ஒன்றாகத் திடுக்கிட்டதைப் பார்த்தேன்.

இப்போது அதற்கு ஐந்து வயது. என் வலது கையில் இரண்டு விரல் மடங்காது, இடது கையால் தோலைத் தடவிப் பார்க்கப் பழகிவிட்டேன். மனைவி தனியாகக் கடைக்குப் போய் வருகிறாள். என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால், எங்கே படுத்திருந்தாலும் நாய் எழுந்து வந்து எனக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கும். குரைக்காது. நான் உட்காரும் வரைக்கும் நிற்கும். நானும் உட்கார்ந்துவிடுவேன்.