மூன்று வரிச் சீட்டு

"சும்மா குடுத்துட்டு நீங்க எதைத் திங்கப் போறீங்க?" என்று கேட்காத ஆளே ஹட்டனில் இல்லை. என் அறைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் கேட்டார், வங்கியில் கேட்டார்கள், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் கேட்டார்கள். நானும் சளைக்காமல் விளக்குவேன். மென்பொருள் இலவசம், அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பராமரிப்புக்கும் மேலதிக வசதிக்கும் மட்டும்தான் காசு. திறமூலம் என்றால் அதுதான், உலகமே அப்படித்தான் பிழைக்கிறது என்று சொல்லும்போது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் எழுதியது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள். என் அக்கா கொழுந்து எடுக்கிறாள். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ எடுத்தால் அவள் தோட்டத்தில் முழுப் பேர், ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். கையால் எழுதிய காலத்தில் அந்த ஒரு கிலோவுக்காக, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடக்காத சண்டை இல்லை. அதனால்தான் மின் தராசோடு என் மென்பொருளை இணைத்தேன். ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு சீட்டு வரும். அதில் மூன்று வரி: மொத்த எடை, சாக்குக்குக் கழித்தது ஒரு கிலோ, மிச்சம். பெண்கள் அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தம்பி எழுதுனது" என்றாள்.

இரண்டு வருடம் எல்லாத் தோட்டமும் சும்மா பயன்படுத்திக்கொண்டது. பராமரிப்புக்கு ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நன்றாக வேலை செய்கிற பொருளுக்கு எவன் பராமரிப்பு வாங்குவான்? என் வியாபாரத் திட்டத்தில் இந்தச் சின்ன விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் அக்காவின் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு வருட ஒப்பந்தம், மாதாமாதம் பணம். அவர் கேட்டது ஒரே ஒரு மேலதிக வசதி. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், எவ்வளவு கழிப்பது என்பதை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தீர்மானிப்பார், சீட்டில் மிச்சம் மட்டும் ஒரு வரியாக வந்தால் போதும். மூன்று வரியைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் கேள்வி கேட்கிறார்களாம்.

ஒரே நாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் துண்டை மட்டும் இணையத்தில் போடவில்லை. இலவசப் பகுதி திறந்தது, காசுப் பகுதி மூடியது, பெரிய பெரிய நிறுவனங்களே செய்கிற முறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தி செய்கிறவன் மேல் குற்றம் உண்டா என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சமாதானம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

ஒரு மாதம் கழித்து, மழை விடாமல் பெய்த வாரத்தில், மாலை நிறுவையின்போது பெண்கள் சாக்கைத் தராசில் வைக்க மறுத்துவிட்டார்கள். மிஷின் கிலோவைத் தின்கிறது என்றார்கள். கண்டாக்கு ஐயா எனக்குப் போன் செய்தார். மடிக்கணினியோடு ஓடினேன்.

மடுவத்தில் நாற்பது பேர் நனைந்துபோய் நின்றார்கள். ஒருத்தி சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "முன்னாடி மூணு வரி வந்துச்சு. இப்ப ஏன் ஒத்த வரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். "என் தம்பி எழுதுனது. உள்ள தொறந்து பாக்கலாம். அது பொய் சொல்லாது. அவனே காட்டுவான், பாருங்க" என்றாள்.

நான் காட்டினேன். எல்லோரும் பார்க்கக்கூடிய அந்த இலவசப் பகுதியைத் திறந்து, ஒரு கிலோ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தா இருக்கு, அதே ஒரு கிலோதான். தாள் மிச்சம் பண்ணத்தான் சுருக்கியிருக்கு" என்றேன். அன்று தராசில் ஓடியது அந்தப் பகுதி அல்ல. ஓடிய மூடிய பகுதியில் இரண்டு கிலோ என்று போட்டிருந்தது எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சோற்றைக் கிளறிக் காட்டியே மறைத்தேன்.

பெண்கள் நம்பினார்கள். அக்காவும் வரிசையில் போய் நிறுத்தாள்.

அவள் குடியிருக்கும் லயத்துக்கு அவளோடு ஏறினேன். பாதித் தூரத்தில் நின்றாள்.

"இன்னைக்கு ரெண்டு நிறுவையும் சேத்து இருபத்தொண்ணு எடுத்தேன்டா. நிறுவைக்கு ஒரு கிலோ கழிச்சா பத்தொம்பது வரணும். பதினேழுன்னு வந்திருக்கு. அரைப் பேரு. இத்தனை வருஷமா சொமக்குறேன், என் முதுகுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"நான் அப்படிச் சொன்னா, இல்லக்கான்னு நீயே உண்மையச் சொல்லிருவேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த மூடிய பகுதியைக் கடைசியில் நானே இணையத்தில் போட்டேன். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அதை அச்செடுத்துக்கொண்டு போய்த் துரையின் மேசையில் வைத்தார், மூன்று வரி திரும்ப வந்தது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் என்னைத் துணிச்சல்காரன் என்கிறார்கள். நான் அதை வெளியிட்டது ஒப்பந்தம் முடிந்த மறுநாள். கடைசி மாதப் பணமும் கைக்கு வந்த பிறகு. அதுவரை பதினோரு மாதம் அக்கா அந்தத் தராசில்தான் நிறுத்தாள்.

இப்போது நான் பள்ளிக்கூடங்களுக்குக் கணினி பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். கொழுந்து மென்பொருள் முழுவதும் இலவசம், முழுவதும் திறந்தது. மடுவத்துக்குப் போனால் பெண்கள் சிரித்துப் பேசுகிறார்கள். சீட்டை வாங்கி மூன்று வரியையும் படிக்கிறார்கள்.

அக்கா படிப்பதில்லை. சாக்கைத் தராசில் வைப்பதற்கு முன்பே, எல்லோருக்கும் கேட்கும்படி, எத்தனை கிலோ என்று அவளே சத்தமாகச் சொல்லிவிடுகிறாள். நான் பக்கத்தில் நின்றாலும் சொல்கிறாள்.