தெய்வசிகாமணியின் நாலு சுரம்

“நடு வெரலுக்கு இன்னொரு சொட்டு வுடு பாய்” என்று இடது கையை நீட்டுகிறார் தெய்வசிகாமணி. மைக்செட் ஜமீல், ஒலிபெருக்கி ஒட்ட வைத்திருக்கும் பசையை விரல் வெடிப்பில் விடுகிறார். பகலெல்லாம் மரக்காணம் உப்பளத்தில் பலகை போட்டு உப்பு இழுக்கிற கை. பசை காய்ந்தால்தான் கிட்டார் கம்பியைத் தாங்கும். எரியவில்லையா என்று கேட்டால், “எரிஞ்சாத்தான் வெரல் இருக்குதுன்னு தெரியும்” என்பார்.

வேகமாக வாசிப்பதுதான் ராக் என்று ஊர் நம்புகிறது. இவர் ஒரு சுரத்தைத் தட்டுவார். தட்டிவிட்டு, உப்பு விளையக் காத்திருப்பவர்போல நிற்பார். இடது விரல் மட்டும் கம்பியை மெல்ல மேலே தள்ளும். சுரம் அழுகிறதா, கொட்டாவி விடுகிறதா என்று கூட்டம் முடிவு செய்வதற்குள் அடுத்தது வரும். பாதி நாள் அதுவும் வராது. ஷார்ஜாவில் ஆறு வருடம் கேசட் கேசட்டாக ராக் கேட்டுவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பிய ஜமீலுக்கு அந்த இடைவெளியில்தான் மயிர்க்கூச்செறியும். “மணிண்ணனுக்கு ஸ்பீடு வராது. வராததையே ஸ்டைலா மாத்திட்டாரு” என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

இவர் வாசிக்கும் இன்னிசைக் குழுவின் முதலாளி ராமதாஸ் இந்த ஆராய்ச்சியில் முதல் வரியோடு நின்றுவிட்டவர்.

“யோவ், கேசட்டுல முப்பது செகண்டுக்கு நூறு நோட்டு இருக்குது. நீ நாலு வாசிக்கிற. மீதிய யார் வூட்டுல வெச்சிட்டு வந்த?”

“பத்திரமா இருக்குதுங்க மாஸ்டர்.”

2005 ஆடியில் குயிலாப்பாளையம் திருவிழா. மேடையேறும் முன் ராமதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னிக்கி கேசட்டுல இருக்கிற மாதிரியே வரணும். இல்லன்னா கிட்டார கழட்டி வெச்சிட்டுப் போயிடு. பாண்டில ஆள் பாத்துட்டேன்.”

கிட்டார் ராமதாசுடையது. அது போனால் தெய்வசிகாமணி கையில் மிஞ்சுவது உப்புப் பலகைதான்.

ராக் பாட்டு வந்தது. ஆளின் மானத்தையாவது காப்பாற்றலாம் என்று, கிட்டார் சத்தத்தைக் குறைக்கும் குமிழில் விரலைத் தயாராக வைத்தார் ஜமீல்.

நூறு சுரமும் வந்தன. கேசட்டில் உள்ள அதே வரிசை, அதே வேகம். கேசட்டில் வாசித்தவர் லேசாகத் தடுமாறிய இடத்தில் அதே தடுமாற்றம். டிரம்ஸ் ராஜ்கமல் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிக் கீழே விழுந்தது. ஜமீலின் விரல் குமிழிலேயே உறைந்துவிட்டது. எட்டு வருடமாக இந்த மனிதருக்கு வராது என்று ஊரெல்லாம் பரிந்து பேசியவர் அவர். கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது.

மேடை ஓரம் ஓடினார். “அண்ணே, இது உனக்கு வருமா?”

“அதான் கேசட்டுல இருக்குதே பாய். அத எதுக்கு நான் வேற வாசிக்கணும்?”

கூட்டம் விசிலடித்து, ஒன்ஸ்மோர் கேட்டது. ராமதாசுக்கு வாயெல்லாம் பல். “யோவ், அப்படியே இன்னொரு வாட்டி!” என்று கை காட்டினார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. கிட்டாரின் இடம் வந்தது. தெய்வசிகாமணி ஒரே ஒரு சுரம் தட்டினார். ராமதாசைப் பார்த்துக்கொண்டே, கம்பியைத் தட்டும் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.