சிதறால் குகை வாசலில் அண்ணன்

சொந்த மாவட்டத்தில் எதையும் பார்த்ததில்லை என்று துபாயில் உடன் வேலை செய்கிறவர்கள் அண்ணனைக் கேலி செய்திருக்கிறார்கள். லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது அவனுக்கு ரோஷம் வந்தது. நாற்பது தாண்டிய நாங்கள் இருவரும் காலேஜ் பிள்ளைகள் மாதிரி முதுகில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். முதல் நாள் இரணியல் அரண்மனை. மறுநாள் சிதறால் மலை.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெலிஞ்சு போயிருக்கான். கேட்டா வெயிலுங்கான். நீ கேளு மக்கா. இனி போகாண்டாம்னு சொல்லு" என்றிருந்தாள்.

நான் கேட்கவில்லை. மார்த்தாண்டம் பஸ்ஸில், "இன்னும் ரெண்டு வருசம் அங்க நில்லு, மாடிய முடிச்சிரலாம்" என்றேன். மாடி எனக்கும் என் பிள்ளைகளுக்கும். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பாப்பம்" என்றான்.

பதினொரு மணி வெயிலில் மலை ஏறினோம். முந்திரி மரங்களின் நிழல் பாதைக்கு எட்டவில்லை. நாலு எட்டுக்கு ஒருமுறை அண்ணன் நின்றான். ஏசியிலேயே கிடந்தால் இப்படித்தான் என்று கிண்டல் செய்தேன். வீட்டில் துண்டோடு திரிகிறவன் இந்தத் தடவை தூங்கும்போதுகூட சட்டை போட்டிருந்தான். அதையும் ஏசி பழக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மேலே பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. குகைக்குள் பின்னாளில் பகவதியைக் குடிவைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்ததும் அண்ணன் பையை இறக்கி, சட்டையையும் பனியனையும் சேர்த்துத் தலைவழியாக உருவினான். சட்டையோடு சன்னிதிக்குள் போய் எங்களுக்குப் பழக்கமில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

"சட்ட ஊரண்டாம் சாரே, போட்டுக்கிட்டே போலாம்" என்றார் நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி.

கழுத்துக் குழியிலிருந்து வயிறு வரை சாக்கு தைத்த மாதிரி ஒரு தழும்பு. அண்ணன் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"ஹார்ட் ஆபரேசனா? எப்போ?"

"போன வருசம். ரூம்ல உள்ளவனுவ பாத்துக்கிட்டானுவ. அம்மாட்ட சொல்லாதல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவன்மேல் இல்லை. பஸ்ஸில் நான் சொன்னதை அந்தத் தழும்போடு உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறான்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "வேண்டாம்ல" என்றான். மணி அடித்தது. அம்மா எடுத்து, "கேட்டியா மக்கா?" என்றாள். போனை அவனிடம் நீட்டினேன். சட்டையைத் தோளில் போட்டான். பிறகு வாங்கிக் காதில் வைத்தான்.

"அம்மா, நான் இனி போகல்ல" என்றான்.