எரிந்த பேருந்துக்கு வண்ணம்

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு மொழிக்காரர்கள், அந்தப் பக்கம் வேறொரு மொழிக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே போய்வந்தது ஒரே ஒரு பஸ். அதைப் பல வருஷம் ஓட்டியவர் ஒரே டிரைவர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் கண்டக்டரே பேசிவிடுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி மைதானமே காலியா கெடக்கு" என்று இரண்டு மொழியிலும் சொல்லி, கால் மிதிபட்டவனையும் சிரிக்கவைக்கிற ஆள். டிப்போவில் இருவரையும் புருஷன் பெண்டாட்டி என்று கேலி செய்வார்கள்.

கலவரத்தன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற பஸ் மேல் முதலில் கல் வந்தது, அப்புறம் நெருப்பு. எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டால் இன்றைக்கும் இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. டிரைவர் முன்வாசல் வழியாகவும் கண்டக்டர் பின்வாசல் வழியாகவும் ஆட்களை இறக்கினார்கள். நடக்கமுடியாத ஒரு பெண்ணைத் தூக்கி இறக்கிவிட்டு டிரைவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். எல்லா சீட்டும் காலி. அவரும் குதித்துவிட்டார்.

பின்பக்கம் ஓடி வந்தபோது, ஏற்கெனவே கீழே இறங்கியிருந்த கண்டக்டர் மறுபடி படியில் ஏறிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதாக நினைத்துவிட்டார். "யாரும் இல்லப்பா, எறங்கு" என்று டிரைவர் கத்தியது அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. தானும் ஏறப்போய்க் கைப்பிடியைப் பற்றினார். கம்பி பழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று. கண்டக்டர் வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. டிப்போவில் உதிரிபாக அறையில் உட்காரவைத்தார்கள். கண்டக்டரின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். டிரைவர் லீவு நாளில் அந்த வீட்டுக்குப் போவார், குழாய் ஒழுகினால் சரிசெய்வார், கண்டக்டரின் பெண் குழந்தைக்குப் பென்சில் சீவிக்கொடுப்பார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். யாரையோ காப்பாற்றப் போனார் என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லை. மீதியைச் சொல்ல நாக்கு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கலை அமைப்பு டிப்போவுக்கு வந்தது. மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அந்த எரிந்த பஸ்ஸின் எலும்புக்கூட்டை எடுத்து, இரண்டு பக்கத்து ஜனங்களையும் சேர்த்து வண்ணம் பூசவைத்து, ரயில்வே கேட் பக்கத்துப் பூங்காவில் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். முதலில் யாரும் வரவில்லை. பிறகு குழந்தைகள் வந்தார்கள், அவர்களைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். ஒருத்தி கரியைச் சுரண்ட, மற்றொருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே வேலை நடந்தது. டிரைவரும் தினமும் போய் நின்றார். பிரஷ் பிடிக்க வராது. டப்பாக்களைத் திறந்து கொடுத்தார்.

வேலை முடியும் சமயத்தில், அமைப்பை நடத்திய பெண் அவரைத் தனியாக அழைத்துப் பக்கவாட்டில் எழுதப்போகும் வாசகத்தைப் படித்துக் காட்டினாள். ஊருக்குள் பரவியிருந்த கதைப்படியே, அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைக் காப்பாற்ற இந்தப் பக்கத்துக் கண்டக்டர் உயிரைக் கொடுத்தார் என்று இருந்தது.

டிரைவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "உள்ள யாருமே இல்லம்மா. நான் பார்த்தேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவள் இல்லை. ஊரே இதை நம்பித்தான் ஒன்றாக வந்து நிற்கிறது, இப்போது மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை என்றாள். கண்டக்டரின் மனைவி என்ன சொல்கிறாளோ அப்படியே செய்யலாம் என்றாள்.

அன்று மாலையே டிரைவர் அந்த வீட்டுக்குப் போனார். குழந்தை வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார், தான் கத்தியது கேட்காமல் போனது உட்பட. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டுத்தான் இங்க வந்து போனீங்களாண்ணே?"

"சொல்ல முடியலம்மா."

"அப்ப இனிமேலும் சொல்லாதீங்க. சும்மா செத்தாருன்னு நான் எப்படி எம் பொண்ணுகிட்ட சொல்லுவேன்? அவங்க எழுதறதையே எழுதட்டும்."

திறப்பு நாளில் கூட்டம் பூங்காவைத் தாண்டி நின்றது. வாசகத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நடுத்தர வயது மனிதர் எழுந்து வந்தார். "அவர் காப்பாத்துன ஆள் நான்தான்" என்று தன் மொழியில் சொல்லி உடைந்து அழுதார். அந்த ஆள் கண்டக்டர் மறுபடி ஏறுவதற்கு முன்பே முன்வாசல் வழியாக இறங்கினவர். இறக்கிவிட்டவர் டிரைவர்தான், முகம் நன்றாக நினைவிருந்தது. வேண்டுமென்றே சொன்னாரா, புகையில் குழம்பி அப்படியே நம்பிவிட்டாரா என்று தெரியவில்லை. கண்டக்டரின் மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவரை அண்ணாந்து பார்த்தது. சுற்றி நின்றவர்கள் இரண்டு மொழியிலும் அழுதார்கள்.

டிரைவரையும் பேசச் சொன்னார்கள். மைக்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, "ஓடி வர்ற ஆளை விட்டுட்டு எங்க வண்டி கெளம்பினதே இல்ல. அவர் விசில் அடிக்கமாட்டார்" என்றார். அது உண்மை. அதோடு உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு வீட்டில் தன் மனைவி ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோது வயிறு சரியில்லை என்றார்.

அந்த பஸ் பலன் கொடுத்தது என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலங்களில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதில் ஏறி விளையாடுகிறார்கள். அந்த மனிதர் பழப்பையோடு கண்டக்டர் வீட்டுக்குப் போய்வருகிறார். குழந்தை அவரை மாமா என்கிறது.

டிரைவர் அடுத்த லீவு நாளில் வழக்கம்போலப் போனார். அவள் வாசலிலேயே நின்று, குழாயெல்லாம் நன்றாக இருக்கிறது, வீணாக அலையவேண்டாம் அண்ணே என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே அழைக்கவும் இல்லை. பிறகொரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தாள். தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டாள். டிரைவர் அவர்கள் கடந்துபோகும்வரை ஒரு பாத்திரக் கடையின் முன்னால், விலை கேட்பவர்போல் நின்றுகொண்டிருந்தார்.